பெயர் எழுத வேண்டாம்

சென்னை
18-10-1986

அன்புள்ள செவ்வந்திக்கு,

ஆயுத பூஜைக்கு நான் வரவில்லை என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அப்பாவின் சேற்றுப்புண் ஆறியதா? நீ கொடுத்த களிம்பைப் போடுகிறாரா, மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுபடி வயலில் இறங்கிவிட்டாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் சாம்பார் ஒன்றுதான் நோய்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். எங்கள் நர்ஸிங் கல்லூரிப் பேராசிரியை ஹபீபுன்னிசா மேடம் அமெரிக்காவில் படித்தவர் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே புதிதாக வரும் நர்ஸுக்கு ஒரு மூத்த நர்ஸைத் துணையாகப் போடுவார்களாம். அந்தத் துணை எப்படி நடந்துகொள்கிறார் என்று புதியவரிடம் கேட்க முப்பது கேள்விகள் வைத்திருக்கிறார்கள். அதை நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நான் தமிழில் எழுதினேன். இன்னொருவர் அதைப் பார்த்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மேடம் சரிபார்த்தார். 'தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறாரா' என்று ஒரு கேள்வி. அதை மொழிபெயர்க்க ஒரு நிமிடம் ஆனது. நம் ஊரில் அதை யாரிடம் கேட்பது என்று மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆஸ்பத்திரியில் உன்னோடு பயிற்சிக்கு இருக்கும் பெண்களிடம் இதைக் கொடுத்துப் பதில் வாங்கி அனுப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை என்று நான்கு பதில். ஒன்றில் குறியிட்டால் போதும். யாரும் பெயர் எழுத வேண்டாம். முதல் பக்கத்திலேயே அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். பெயர் இல்லாவிட்டால் பயப்படாமல் உண்மையை எழுதுவார்கள் என்பது மேடத்தின் எண்ணம். உங்கள் மூத்த நர்ஸ் பர்வதம் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, நீயே தாள்களை வாங்கி உறையில் போட்டு ஒட்டு.

மேடம் சிபாரிசு செய்தால் எனக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைக்கும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உன் அக்கா
அம்சம்


அகரவெளி
6-11-1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஊரில் தீபாவளி மழை. அப்பாவின் கால் விரல் இடுக்கு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நடவு முடிகிற வரை ஆறாது. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ சாம்பாரைக் குறை சொன்னதைப் படித்துக் காட்டினேன். "அங்கயாச்சும் சாம்பாரு ஊத்துறானே" என்றாள் அம்மா.

தாள்களை அனுப்பியிருக்கிறேன். பதினான்கு பேரும் எழுதிவிட்டோம். ஆனால் எல்லோரும் பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். நான் படித்துப் படித்துச் சொன்னேன். "பேரு போடாம எழுதுனா அது மொட்டைக் கடுதாசிடி" என்றார்கள். போன வருஷம் யாரோ தாசில்தாருக்கு மொட்டைக் கடுதாசி போட்டு, நம் தெரு ஆண்களையெல்லாம் ஸ்டேஷனில் வெயிலில் உட்கார வைத்தது உனக்குத் தெரியும். நல்ல குடும்பத்துப் பெண்கள் அந்த வேலையைச் செய்வார்களா என்று சிஸ்டரும் கேட்டார். நானும் என் பெயரைப் போட்டேன்.

நான் தாள் வாங்கவில்லை. சிஸ்டரே கொடுத்து சிஸ்டரே வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக் கேள்வி வந்ததும் எல்லோரும் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தோம். "கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கினீங்கள்ல, அது சாப்பாடு இல்லையாக்கும்? போடுங்கடி எப்போதும்னு" என்றார். சுண்டல் நன்றாகத்தான் இருந்தது. நான் கொல்லை வழியாகப் போய் வாங்கிக்கொண்டேன்.

தாளின் உச்சியில் எல்லோரும் பிள்ளையார் சுழி போட்டிருப்பார்கள். ஒன்றில் மட்டும் 786 என்று இருக்கும். அது ஷம்சாத். திட்டச்சேரிப் பெண், என் பக்கத்துக் கட்டில். மார்க் போடும் நோட்டு முதல் வண்ணான் கணக்கு வரை 786 போடாமல் எதையும் தொடங்கமாட்டாள். டெம்பரேச்சர் சார்ட்டில் போட்டு ஒருநாள் திட்டு வாங்கினாள். "யார்றீ அது, நோயாளிக்கு எழுநூத்தி எம்பத்தாறு டிகிரி ஜொரம்!" என்று டாக்டர் கத்தினார்.

பதில்களைப் பார்த்து சிஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம். ஆஸ்பத்திரியையும் நம் குத்தகை நிலத்தையும் வைத்திருக்கும் டிரஸ்டின் காரியதரிசி சாம்பசிவம் ஐயாவிடம் காட்ட வேண்டும் என்று எல்லோரையும் இன்னொரு பிரதி எழுத வைத்தார். அது ஆபீஸ் பீரோவில் இருக்கிறது.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

உன் தங்கை
செவ்வந்தி


சென்னை
20-11-1986

அன்புள்ள செவ்வந்திக்கு,

இங்கே மழையில் ஹாஸ்டல் வாசலில் முழங்கால் தண்ணீர். சளி பிடித்து இன்றுதான் குரல் திரும்பியிருக்கிறது. அங்கே பயிர் மூழ்கவில்லையே?

தாள்கள் கிடைத்தன. பதினான்கு பேரும் முப்பது கேள்விக்கும் 'எப்போதும்' என்றே குறியிட்டிருக்கிறீர்கள். மற்ற ஊர்களிலிருந்து வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். மேடம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, "அமெரிக்காவுல இந்த மதிப்பெண் வராது அம்சம். நம்ம பொண்ணுங்க மூத்தவங்கள குடும்பமா நினைக்கிறாங்க. அதுதான் நம்ம கண்டுபிடிப்பு" என்றார். கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது. அவர் மிளகுப் பால் குடிக்கச் சொன்னார்.

செவ்வந்தி, ஒன்பதாம் கேள்வியை மட்டும் எனக்குச் சொல். 'எனக்குத் தெரியாததை எந்த நேரமும் என் மூத்த செவிலியரிடம் கேட்க முடிகிறது.' இது கட்டுரைக்கு இல்லை, எனக்கு. படித்ததும் கிழித்துவிடுகிறேன்.

அம்சம்


அகரவெளி
28-12-1986

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உன் சளி இதற்குள் போயிருக்கும். எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. சம்பா கதிர் வாங்கிவிட்டது. நம் பங்கு வயலில் புகையான் பூச்சி விழவில்லை. அப்பா ஒரு கதிரை உருவி வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

டிரஸ்டிலிருந்து தெருவுக்கே நோட்டீஸ் வந்திருக்கிறது. குத்தகை நிலத்தைக் காலி செய்ய வேண்டுமாம். இந்த அறுப்பை அவர்களே ஆள் வைத்து அறுத்துக்கொள்வார்களாம். விவசாயச் சங்கத்து நடராசன் அண்ணன்தான் எல்லோரையும் கூட்டி வழக்குப் போட வைத்தது. அப்பாவும் கைநாட்டு வைத்தார். காரியதரிசி ஐயா அப்பாவைக் கூப்பிட்டு, "மருதையா, உம் பொண்ணுக்கு நம்ம ஆஸ்பத்திரியில எடம் குடுத்தமே, அத நெனச்சியா?" என்று மட்டும் கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்தார். கதிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் கேள்வி பற்றிக் கேட்டிருந்தாய். பர்வதம் சிஸ்டர் கைராசிக்காரர். குழந்தைகளுக்குக்கூட நரம்பு ஒரே குத்தில் கிடைத்துவிடும். அவரைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வருவாயா?

உன் தங்கை
செவ்வந்தி


சென்னை
10-1-1987

அன்புள்ள செவ்வந்திக்கு,

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் பொங்கல் வணக்கத்தைச் சொல். எனக்குக் காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை. ஆனால் வர முடியாது. மேடத்தின் கட்டுரையை டைப் செய்து சரிபார்க்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் அமெரிக்காவுக்குப் போக வேண்டுமாம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். எழுதாததே பதில் என்றும் தெரியும். தாளில் 'எப்போதும்' என்று நான் ஒவ்வொரு முறை டைப் செய்யும்போதும் கொல்லைக் கதவுதான் கண்ணில் நிற்கிறது. மேடத்திடம் சொல்ல வேண்டும். இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

அறுப்பு நாளில் அப்பாவை முன்னால் நிற்க வேண்டாம் என்று சொல்.

அம்சம்


அகரவெளி
2-2-1987

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் அதைத் தெரிந்துகொள். தோளில் தடியடி, எலும்பு முறியவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

தை பதினான்காம் நாள் வெளியூர் ஆட்கள் அரிவாளோடு டிராக்டரில் வந்து இறங்கினார்கள். போலீஸ் வாய்க்கால் கரையில் நின்றது. நம் ஆட்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். கைகலப்பில் நடராசன் அண்ணனுக்குத் தொடையில் வெட்டு, கையிலும் காயம். திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கட்டிலில் தூக்கி வந்தார்கள். நான் பகல் டியூட்டி.

டாக்டர் தையல் போட்டு, பெஞ்சிலின் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். வார்டு முழுக்கச் சேறும் ரத்தமும். சிஸ்டர் வாசலில் போலீஸோடு பேசிக்கொண்டே என்னைப் பார்த்து, "செவ்வந்தி, அவனுக்கு ஊசியப் போடு" என்றார். பெஞ்சிலினுக்கு முன்னால் முன்னங்கையில் துளி மருந்தை ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, தடிக்கிறதா, மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்போம். உனக்குத் தெரியாததா. அண்ணன் வலது கையில் வட்டம் இல்லை. இடது கையில் கட்டு. கட்டுக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லை அக்கா. நினைத்துக்கொள்ளவில்லை. வட்டம் இல்லை என்று தெரிந்தது. வாசல் வரைக்கும் போய் "டெஸ்ட் பார்த்தாச்சா சிஸ்டர்" என்று கேட்க வேண்டும். கார்த்திகை மாதம் ஒருநாள் இதே மாதிரி ஒரு மருந்தின் அளவைக் கேட்டேன். எல்லோருக்கும் முன்னால், "உங்க அப்பன் கேள்வி கேட்டு நெலத்தப் புடிச்சான். நீ கேள்வி கேட்டு வார்டப் புடிக்கப் போறியா?" என்றார். நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்பதில்லை.

போட்டேன். அண்ணன், "வலிக்கல தாயி, ஒனக்கு நல்ல கை" என்றார். ஊசியைத் தட்டில் வைப்பதற்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு மாற்று ஊசி இருக்கும் அலமாரிச் சாவி சிஸ்டர் இடுப்பில் இருந்தது. ஷம்சாத் ஓடினாள். அவளும் சிஸ்டரும் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

தெருவில் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்கள். டிரஸ்ட் காசு கொடுத்து நான் ஊசி போட்டேன் என்று பேச்சு. நடராசன் அண்ணன் மனைவி ரெங்கம்மாள் மட்டும் கதவைச் சாத்துவதில்லை. பார்க்கிறாள்.

செவ்வந்தி


சென்னை
7-2-1987

செவ்வந்தி,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அப்பாவின் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? நீ சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது.

நான் மேடத்திடம் சொல்லவில்லை. கட்டுரை போய்விட்டது. இந்த வாரம் என்று எழுதினேனே, அந்த வாரம் அவர் அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். நீ வாசல் வரை போகாததைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள்? மறைக்காமல் எழுது.

அக்கா


அகரவெளி
1-3-1987

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா தோளைத் தூக்க முடிகிறது. நான் சாப்பிடுகிறேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்.

விசாரணை நடந்தது. காரியதரிசி சாம்பசிவம் ஐயா, டாக்டர், இன்னும் இரண்டு டிரஸ்டிகள். பர்வதம் சிஸ்டர், "டெஸ்ட் பார்த்துட்டுத்தான் போடணும்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்கேன், அவளா அவசரப்பட்டுட்டா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

நான், "கேட்க பயமா இருந்துச்சுங்க" என்றேன். ஐயா பீரோவிலிருந்து தாள்களை எடுக்கச் சொன்னார். நம் கேள்வித்தாள், அக்கா. ஒன்பதாம் கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "எந்த நேரமும் கேக்க முடியுதுன்னு எழுதியிருக்கே. எப்போதும்னு குறி போட்டிருக்கே. இது யாரு கையெழுத்து?"

"என்னுதுங்க."

"யாராச்சும் மெரட்டி எழுதச் சொன்னாங்களா?"

யாரும் மிரட்டவில்லையே. "இல்லைங்க" என்றேன்.

"அப்பறம் ஏம்மா கேக்கல?" என்றார். குரலில் கோபமே இல்லை.

போலீஸில் என் பேரில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அக்கா, கேள்வி உன்னுடையது. அந்தப் பதில்கள் எப்படி வந்தன என்று உனக்குத் தெரியும். அவை மரியாதைக்குப் போட்ட குறிகள், உண்மை இல்லை என்று நீ ஒரு வரி எழுதித் தந்தால் கேட்பார்களோ என்னவோ. உனக்கு இடம் போய்விடும் என்றால் வேண்டாம்.

உன் தங்கை
செவ்வந்தி


சென்னை
14-3-1987

அன்புள்ள செவ்வந்திக்கு,

இந்த முறை கதவைத் தட்டினேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், சுண்டல் உட்பட. அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "நீ நவம்பர்லயே சொல்லியிருக்கலாமே அம்சம்" என்றார். அப்புறம், "நான் உன்னைக் கேட்டிருக்கலாம்" என்றும் சொன்னார். கல்லூரித் தாளில் எழுதித் தர முடியாது, கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது என்றார். மறுநாள் என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எம்.எஸ்ஸி. பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் என் பெயரிலேயே எழுதிவிட்டேன். தாள்களைக் கொடுத்ததும் வாங்கியதும் பர்வதம் சிஸ்டர். கேட்கப்பட்டது அவரைப் பற்றி. அதில் பெயர் எழுதிய பெண் வேறு எதைக் குறியிட முடியும்? இப்படி வாங்கிய பதிலை ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு பெண்ணைத் தண்டிக்க எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அன்றே தபாலில் சேர்த்தேன்.

அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொள். உன்னையும்.

அக்கா


அகரவெளி
9-6-1987

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு. வீட்டில் எல்லோரும் நடமாடுகிறோம். வெயிலில் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மேட்டூர் எப்போது திறப்பார்களோ. திறந்தாலும் நாற்று விட நமக்கு நிலம் இருக்குமா என்பது கோர்ட் சொன்னால்தான்.

உன் கடிதத்துக்கு அவர்கள் எனக்குத்தான் பதில் போட்டார்கள். எழுதியவர் குற்றம் சாட்டப்பட்டவரின் அக்கா, டிரஸ்ட் மேல் வழக்குப் போட்டவரின் மகள், ஆகையால் ஏற்பதற்கில்லை. அதோடு என் பயிற்சியும் ரத்து. போலீஸ் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

நேற்று ஷம்சாத் தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னாள். போன மாதம் அவள் மாவட்டப் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். அன்று ஊசித் தட்டை எடுத்து வைத்தது அவள்தான். டெஸ்ட் ஊசியை யாரும் கொதிக்கவே வைக்கவில்லை, சிஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை, நோயாளி கையில் வட்டம் இல்லை, செவ்வந்திக்குக் கேட்க வழி இல்லை என்று எழுதியிருக்கிறாள். பெயர் போடவில்லை. "ஒங்க அக்கா சொன்னாங்கள்ல, பேரு போடலன்னா பயப்படாம உண்மைய எழுதலாம்னு" என்றாள்.

அங்கிருந்து அதை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டார்கள். மொட்டைக் கடுதாசியை விசாரிப்பதில்லையாம். காரியதரிசி ஐயா தாளைப் பிரித்ததும் சிரித்தாராம். உச்சியில் 786. அந்த ஆஸ்பத்திரியில் அதைப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். பழக்கத்தில் கை போட்டிருக்கிறது.

"பேரு போட தைரியம் இல்ல, இது போட மட்டும் தைரியம் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார். "நான் எழுதலன்னு சொல்லிடு. கிழிச்சுப் போட்டுடறேன். நீ வார்டுக்குப் போ."

இவள், "பேனா குடுங்க சார்" என்றாளாம். எதற்கு என்று தெரியாமல் கொடுத்துவிட்டார். அதே தாளின் அடியில் தன் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, "இப்ப இது மொட்டை இல்லைங்க" என்று மேஜையில் வைத்திருக்கிறாள். பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். மாவட்ட டாக்டருக்கு இன்னொரு பிரதி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் இங்கே வந்தாள். அதனால் என்ன ஆகும் என்று தெரியாது. சிஸ்டர் வாசல் வரை வந்து இவள் கையில் பஸ்ஸுக்குக் காசைத் திணித்தாராம். ஷம்சாத் அதை வாங்கிக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ரெங்கம்மாள் வந்தாள். அவள் நம் வீட்டுப் படி ஏறியது அறுப்புக்குப் பிறகு நேற்றுதான். ஷம்சாத் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வட்டம் இல்லன்னு ஒனக்கும் தெரியுமா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கட்டுக்குள் இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"தெரியும் அண்ணி" என்றேன்.

அவள் அழவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி" என்றாள். படி இறங்கிப் போய்விட்டாள். தெருவில் யார் வீட்டுக் கதவும் சாத்திய சத்தம் கேட்கவில்லை. திறந்த சத்தமும் இல்லை.

அக்கா, உன்னிடம் என் தாள் இருக்கும். ஒன்பதாம் கேள்வியைத் திருத்திக்கொள். ஒருபோதும் இல்லை. மேடத்துக்குப் பெயர் வேண்டாம் என்றாலும் என் பெயரை அடிக்காதே.

மருதையன் மகள் செவ்வந்தி,
அகரவெளி.